மூன்று எண்ணுவதற்குள்

பள்ளிக்கூட நாட்களில் நான் வைத்திருந்த ஓவிய நோட்டுகளுக்கெல்லாம் இரண்டு தொடக்கம் உண்டு. முன்பக்கமிருந்து திறந்தால் மலை, சூரியன், குடிசை, பானை, கிளி. ஆசிரியர் 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட படங்கள். நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்னட்டையிலிருந்து திறந்தால் அது வேறு நோட்டு. அதில் கைகள் இருக்கும். மணிக்கட்டு, முழங்கை, பந்தை இறுக்கிப் பிடித்த விரல்கள், நடுவே ஒரு பிடரி. எல்லாம் ஒரே பையனுடையவை. யாராவது பார்த்துவிட்டால் என்ன சொல்வது என்று யோசித்து, அத்தனை மணிக்கட்டுகளுக்கும் வளையல் போட்டுவிட்டேன். பன்னிரண்டு வயதில் எனக்குத் தோன்றிய தற்காப்பு அவ்வளவுதான். எலும்பு புடைத்த அந்த முரட்டு மணிக்கட்டில் நாலு வளையல். எந்தப் பெரியவர் பார்த்திருந்தாலும் ஒரே நொடியில் விளங்கியிருக்கும்.

வருடக் கடைசியில் இரண்டு நோட்டும் நடுவில் எங்கேயோ நெருங்கி வரும். இன்னும் நாலைந்து பக்கம்தான் பாக்கி என்று ஆனதும் புது நோட்டு வாங்கிவிடுவேன்.

ஒளிந்து வாழ்வதென்றால் பொய் சொல்லிக்கொண்டே இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். நான் பொய் சொன்னது கொஞ்சம்தான். மற்ற நேரமெல்லாம் வேலை. சிரிக்கும்போது கை எவ்வளவு தூரம் எழலாம், குரல் எந்த இடத்தில் மெலிகிறது, நாற்காலியில் கால் மேல் கால் எப்படிப் போட வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரு கணக்கப்பிள்ளை உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார். அவர் போட்ட சட்டங்களிலேயே முக்கியமானது பார்வை பற்றியது: எந்தப் பையனையும் மூன்று எண்ணுவதற்கு மேல் பார்க்கக் கூடாது. ஒன்று, இரண்டு, மூன்று, அப்புறம் சுவரைப் பார், ஜன்னலைப் பார். நாலாவது எண்ணில் கூட இருப்பவர்கள் கவனிக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று எனக்கு நானே முடிவு கட்டியிருந்தேன். உண்மையில் யாரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை என்பது பிறகு புரிந்தது. அப்போது அப்படியா தோன்றியது?

இதில் ஒரு வினோதமான லாபம் இருந்தது. மூன்று எண்ணுவதற்குள் பார்த்ததை வைத்து முழுப்படம் போட வேண்டும் என்பதால் ஞாபகம் கூர்மையாகிவிட்டது. பார்வையை எடுத்த பிறகு கண்ணுக்குள் நிற்கும் உருவத்தை வீடு வரை சிந்தாமல் கொண்டுபோய் நோட்டின் பின்பக்கத்தில் இறக்கி வைப்பேன். என்னை ஓவியன் ஆக்கியது எது என்று கேட்டால் பயம் என்றுதான் நேர்மையாகச் சொல்ல முடியும். ஆனால் அதற்காகப் பயத்துக்கு நன்றி சொல்லும் ஆள் நான் இல்லை. பயமில்லாமலும் கற்றுக்கொண்டிருக்கலாம்.

அந்த வயதில் என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. இருந்தவை எல்லாம் திட்டுவதற்கான வார்த்தைகள். கொஞ்சம் வளர்ந்ததும் செய்தித்தாளில் 'ஓரினச்சேர்க்கை' என்று படித்தேன். ஏதோ குற்றப்பிரிவின் பெயர் போல இருந்தது. ஆளை விட்டுவிட்டு அவன் படுக்கையை மட்டும் எட்டிப் பார்க்கிற சொல். 'தன்பாலீர்ப்பு' என்ற சொல் என் கைக்கு வந்தபோது முப்பதை நெருங்கிவிட்டேன். ஈர்ப்பு என்றால் பூமிக்கும் இருக்கிறது, நிலவுக்கும் இருக்கிறது, எனக்கும் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றியது. இப்போது யாராவது கேட்டால் 'கே' என்றே சொல்லிவிடுகிறேன். ஓரெழுத்து. சொல்லி முடிப்பதற்குள் பயம் தலைகாட்ட நேரமில்லை.

ஓவியக் கல்லூரியின் முதல் வருடத்தில் ஆளை உட்கார வைத்து வரையும் வகுப்பு வந்தது. மாடலாக வந்தவர் தொந்தியும் நரைத்த மார்புமாக ஒரு பெரியவர். முதலில் முப்பது விநாடி போஸ்கள். அவர் குனிவார், நிமிர்வார், கையைத் தூக்குவார். கரித்துண்டை வைத்து அசைவை மட்டும் பிடிக்க வேண்டும். வகுப்பிலேயே நான்தான் முதல். ஆசிரியர் என் தாள்களைத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். அப்புறம் இருபது நிமிட போஸ். பெரியவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நான் அவரைப் பார்த்தேன், மூன்று எண்ணினேன், தாளுக்குத் திரும்பினேன். மறுபடியும் மூன்று. இருபது நிமிடம் முடிந்தபோது என் தாளில் இருந்தது அவரே இல்லை. நான் எப்போதோ மனப்பாடம் செய்து வைத்திருந்த ஏதோ ஓர் உடம்பு.

ஆசிரியர் பின்னால் வந்து நின்றார். "ஓடுற ஆளைப் புடிச்சிடுற. உக்காந்திருக்கிற ஆளை ஏன் விட்டுடுற?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. "தாளைப் பாக்குற நேரத்துல பாதியாவது அவரைப் பாருப்பா. அவரு ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு, அதுக்குத்தானே வந்திருக்காரு."

அதுக்குத்தானே வந்திருக்காரு. ஒருவரை நிதானமாகப் பார்க்கலாம், பார்ப்பதற்கு அனுமதி இருக்கிறது, பார்க்கப்படுபவரும் அதைத் தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறார் என்பது பத்தொன்பது வயதில் எனக்குப் புதுச் செய்தி. அன்று நாலு, ஐந்து என்று எண்ணிப் பார்த்தேன். ஏழு வரை போனது. வியர்த்துவிட்டது. அந்தப் பெரியவரின் மேல் எனக்கு எந்த ஆசையும் இல்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். சட்டம் போட்ட கணக்கப்பிள்ளைக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

கல்லூரி நூலகத்தில்தான் மார்ஸ்டன் ஹார்ட்லியைக் கண்டுபிடித்தேன். அமெரிக்க ஓவியர். பெர்லினில் இருந்தபோது கார்ல் ஃபான் ஃப்ரைபர்க் என்ற இளம் ஜெர்மானிய அதிகாரியை நேசித்தார். முதல் உலகப் போர் தொடங்கிய சில வாரங்களிலேயே, 1914 அக்டோபரில், ஃப்ரைபர்க் போர்முனையில் இறந்துபோனார். ஹார்ட்லி அவரை வரைந்தார். படத்தில் முகம் கிடையாது, உடம்பும் கிடையாது. கொடிகள், இரும்புச் சிலுவைப் பதக்கம், பெயரின் முதலெழுத்துகள், 24 என்ற எண். இறந்தபோது ஃப்ரைபர்க்கின் வயது 24. இரண்டு வருடம் கழித்து இந்த வரிசைப் படங்களை நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தபோது, இவற்றில் ஒளிந்திருக்கும் பொருள் என்று எதுவுமே இல்லை, அன்றாடம் கண்ணில் பட்ட வடிவங்கள்தான் என்று எழுதிக் கொடுத்தார் ஹார்ட்லி. அதைப் படித்துவிட்டு நூலகத்திலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன். என் வளையல்கள் ஞாபகம் வந்தன.

ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னி அப்படியில்லை, அவருக்குக் குறும்பு. லண்டனில் மாணவராக இருந்த 1960, 61-ஆம் வருடங்களில் ஆங்கில எழுத்துகளை எண்களாக மாற்றிப் படங்களில் எழுதிவைத்தார். நாலாவது எழுத்து டி, எட்டாவது எழுத்து ஹெச், ஆக 4.8 என்றால் அவரே. ஒரு படத்தில் இரண்டு உருவங்கள் ஒன்றையொன்று கட்டிப் பிடித்திருக்கும், ஒன்றின் மேல் 4.8, இன்னொன்றின் மேல் அவர் விரும்பிப் படித்த அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனுக்கான எண். இங்கிலாந்தில் 21 வயது நிரம்பிய இரண்டு ஆண்கள் தனிமையில் உறவு கொள்வது குற்றமில்லை என்று சட்டம் மாறியது 1967-இல்தான். அதாவது சிறைக்கு அனுப்பக்கூடிய ஒரு விஷயத்தைக் குழந்தைகள் விளையாட்டுக் கணக்கில் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார் அந்தப் பையன். ஹார்ட்லி பூட்டை மாட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டார் என்றால், இவர் பூட்டிவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டார். இருவரில் யாருக்கு நான் நெருக்கம் என்று அப்போது நிறைய யோசித்திருக்கிறேன். விடை எனக்குப் பிடிக்கவில்லை.

ஏனென்றால் பதினேழு வயதில் நோட்டுகளின் பின்பாதிகளை எல்லாம் கிழித்துவிட்டேன். வீடு மாறப் போகிறோம், பெட்டிகளை யார் பிரிப்பார்களோ என்ற பயம். ஐந்து வருடக் கைகள். தண்ணீர் வாளியில் ஊறப்போட்டுக் கூழாக்கி வெளியே கொட்டினேன். எரித்தால் புகை வரும், கேள்வி வரும்.

பிரிட்டிஷ் ஓவியர் டங்கன் கிராண்ட் பற்றிய செய்தி 2020-இல் வந்தபோது அந்த வாளிதான் முதலில் ஞாபகம் வந்தது. அவர் 1940-களிலும் 50-களிலும் ஆண்களின் காதலை வரைந்த 422 படங்களை 1959-இல் ஒரு நண்பரிடம் கொடுத்து வைத்தார். அந்த நண்பரின் மறைவுக்குப் பிறகு படங்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்றே எல்லோரும் நம்பினார்கள். ஆனால் அந்தக் கட்டு நண்பரிடமிருந்து நண்பருக்கு, காதலரிடமிருந்து காதலருக்கு என்று அறுபது வருடம் கைமாறி, கடைசியில் ஒருவரின் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருந்திருக்கிறது. இப்போது அது கிராண்ட் வாழ்ந்த சார்ல்ஸ்டன் இல்லத்துக்கே திரும்பிவிட்டது. அவரிடம் இருந்தது, என்னிடம் இல்லாதது எது என்று யோசித்தேன். தைரியம் என்று சொல்ல மாட்டேன், அவரும் ஒளித்துத்தான் வைத்தார். ஒளித்து வைப்பதில் கூட்டுச்சேர அவருக்கு ஆட்கள் இருந்தார்கள். பதினேழு வயதில் எனக்குத் தெரிந்த ஒரே கே, நான்.

வாளிக்குத் தப்பியது ஒன்றே ஒன்று. ஹார்ட்போர்டில் எண்ணெய் வண்ணத்தில் போட்டது, பதினாறு வயதில். மரத்தடியில் ஒரு கல் பெஞ்சு, அதில் இரண்டு பையன்கள். வண்ணம் காய்ந்ததும் பயம் வந்து, இடதுபக்கத்துப் பையனின் மேல் கத்தியால் பச்சையை அப்பி அவனைப் புதராக்கிவிட்டேன். மற்றவன் மட்டும் உட்கார்ந்து புதரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவுக்கு அந்தப் படம் பிடித்துப்போய்ச் சட்டம் போட்டு மாட்டிவிட்டாள்.

அடுத்த பதினைந்து வருடம் நான் வரைந்தவர்கள் எல்லோருமே முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அல்லது முகத்தில் நிழல், அல்லது கதவுக்குப் பாதி மறைவில். அதற்குப் பெயர் கிடைத்துவிட்டது. 'இவரது படங்களில் ஒரு மௌனம் இருக்கிறது' என்று எழுதினார்கள். படங்கள் விற்றன. எனக்கும் ஒருகட்டத்தில் அது என் பாணி என்றே பட ஆரம்பித்தது. என்னோடு ஆறு வருடமாக ஒரே வீட்டில் இருந்தவன், ஒருநாள் என் படங்களை எல்லாம் சுவரோரம் சாய்த்து வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாத்துலயும் என் முதுகுதான் இருக்கு. எனக்கு மூஞ்சி இருக்குன்னு ஞாபகம் இருக்கா?" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். நான் அன்றிரவு தூங்கவில்லை.

வீட்டில் சொன்னது அதற்கு அடுத்த மாதம். முதலில் அக்காவிடம். அக்காவுக்கு நான் கே என்பது பெரிய அதிர்ச்சியாக இல்லை. அவளுக்கு அதிர்ச்சி வேறு. கல்லூரிக் காலத்தில் நான் ஒரு காதலியைக் கற்பனை செய்து அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். இரண்டு வருடம் ஓட்டிய கதை அது. சண்டை, சமாதானம், பிரிவு எல்லாம் உண்டு. "அப்ப அவ இல்லவே இல்லையாடா?" என்று கேட்டுவிட்டு அக்கா அழுதாள். "எனக்கு அவளை ரொம்பப் பிடிச்சிருந்துது." இல்லாத ஒருத்திக்காக என் அக்கா அழுததைவிடப் பெரிய வெட்கத்தை நான் இன்றுவரை அனுபவித்ததில்லை.

அம்மா முழுக்கக் கேட்டாள். "வேற யார்கிட்டயாவது சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் இரண்டு வருடம் போனில் நாலு வார்த்தைதான். அப்பாவிடம் சொல்ல வாய்க்கவில்லை. அதற்கு முன்பே போய்விட்டார். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் சொன்னபோது எனக்கு முப்பத்து மூன்று வயது, சொந்த வருமானம், சொந்த வீட்டுச் சாவி. இதைப் படிக்கும் பதினாறு வயதுக்காரர் யாராவது, நாளைக்கே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தால், முதலில் இரவு தங்க வேறு இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நோட்டை மட்டும் கிழிக்காதீர்கள். முடிந்தால் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

வெளிப்படையாக வாழ ஆரம்பித்ததும் கை கட்டவிழ்ந்து படங்கள் கொட்டும் என்று நினைத்தேன். கொட்டின. எல்லாம் மட்டமான படங்கள். இரண்டு வருடம் சிவப்பும் மஞ்சளுமாகக் கத்தித் தீர்த்தேன். முகங்கள், முத்தங்கள், நேருக்கு நேர் முறைக்கும் கண்கள். ஒரு படத்தில் என்னையே ஆள் உயரத்துக்கு வரைந்தேன், இப்போது நினைத்தால் காது சூடாகிறது. ஒன்றுகூட விற்கவில்லை, அது சரி. எனக்கே எதுவும் பிடிக்கவில்லை என்பதுதான் சிக்கல். முன்பு மறைப்பதற்காக வரைந்தேன், இப்போது காட்டுவதற்காக வரைந்தேன். இரண்டிலுமே எதிரில் இருப்பவனைப் பார்க்கவில்லை. மூன்று எண்ணியதும் கண் பழையபடி தாளுக்கு ஓடிவிடும், மீதியைக் கோபம் வரைந்துகொள்ளும்.

கண்காட்சிக்கு வந்தவர்களும் மாறிவிட்டார்கள். முன்பு மௌனம் என்றவர்கள் இப்போது எல்லாவற்றிலும் சங்கேதம் தேடினார்கள். கதவோரம் சாய்த்து வைத்த ஒரு குடையை வரைந்திருந்தேன். அது எதைக் குறிக்கிறது என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டார்கள். குடையைத்தான் குறிக்கிறது ஐயா, அன்றைக்கு மழை. இன்னொரு பக்கம், 'உங்கள் சொந்த வாழ்க்கை எங்களுக்கு எதற்கு, கலையை மட்டும் காட்டுங்களேன்' என்பவர்கள். பிரெஞ்சு ஓவியர் செசான் தன் மனைவி ஒர்த்தான்ஸை எண்ணெய் வண்ணத்தில் மட்டும் 29 முறை வரைந்திருக்கிறார். குடும்ப விஷயத்தைச் சுவரில் மாட்டுகிறாரே என்று யாராவது அலுத்துக்கொண்டார்களா? நான் என் துணைவனின் முகத்தை ஒருமுறை வரைந்தால் அது அறிவிப்பு ஆகிவிடுகிறது.

அந்த நாட்களில் இந்திய ஓவியர் பூபேன் கக்கரின் ஓவியம் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1981-இல் வரைந்தது. இப்போது லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'எல்லாரையும் திருப்திப்படுத்த முடியாது'. நமக்கெல்லாம் தெரிந்த அப்பா, மகன், கழுதை கதைதான். கழுதையில் யார் ஏறினாலும் ஊர் ஏதாவது சொல்லும் என்ற கதை. கீழே தெருவில் அந்தக் கதை நடக்கிறது. மேலே பால்கனியில் ஓர் ஆண், உடம்பில் துணியில்லாமல், முதுகைக் காட்டியபடி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கணக்காளராக வேலை பார்த்துக்கொண்டே, தானாக வரையக் கற்றுக்கொண்டவர் கக்கர். தன்னை வெளிப்படுத்திக்கொண்ட படம் என்று சொல்லப்படும் இதை வரைந்தபோது அவருக்கு 47 வயது. என்னைப் பிடித்து உலுக்கியது அந்த முதுகுதான். நானும் பதினைந்து வருடம் முதுகு வரைந்தவன். என் முதுகுகள் எல்லாம் திரும்பிக்கொண்டவை. இவர் திரும்பிக்கொள்ளவில்லை. கழுதையைப் பார்க்க வாகான இடத்தில் நிற்கிறார், அவ்வளவே. ஊர் தன் முதுகைப் பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அதன் பிறகுதான் துணைவனை உட்கார வைத்தேன். பென்சிலும் சாதாரணத் தாளும் போதும் என்று முடிவு செய்தேன். முதல் வாரம் அவன் தூங்கிவிடுவான். தூங்குகிறவனைப் பார்ப்பது சுலபம், அதனால் எழுப்பிவிடுவேன். கண்ணைத் திறந்துகொண்டு அவன் என்னைப் பார்க்க, நான் அவனைப் பார்க்க, மூன்று, நாலு, பத்து. இடது புருவத்தில் ஒரு பழைய தழும்பு இருப்பதை எட்டு வருடம் கழித்து அன்றுதான் கண்டுபிடித்தேன். "சின்ன வயசுல சைக்கிள்ல விழுந்தது," என்றான். "கேக்கவேயில்லையே நீ."

போன வருடம் அவனை அம்மாவிடம் அழைத்துப் போனேன். அதற்குள் போன் பேச்சு நாலு வார்த்தையிலிருந்து பத்து நிமிடத்துக்கு வளர்ந்திருந்தது. 'உன் கூட இருக்கிறவரு' என்று ஆரம்பித்தவள், 'அந்தப் புள்ள' என்று இறங்கி, அன்று வாசலில் வைத்து "வாங்க தம்பி" என்றாள். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து சுவரில் விழுந்தது. அந்தக் கல் பெஞ்சு படம் அங்கேதான் தொங்கியது. அருங்காட்சியகங்களில் ஓவியத்தின் பக்கவாட்டிலிருந்து விளக்கடித்துப் பார்ப்பார்கள். மேல்வண்ணத்தில் எதுவும் தெரியாவிட்டாலும் அடிவண்ணத்தின் மேடுபள்ளம் நிழலாக எழுந்து நிற்கும். என் படத்துக்கு விளக்கு தேவைப்படவில்லை. புதருக்குள் ஒரு தோள், ஒரு காது, மடக்கிய முழங்கால்.

நான் பார்ப்பதை அம்மா பார்த்தாள். "துணியால துடைக்கும்போதெல்லாம் கையில தட்டுவான்," என்றாள்.

"தெரியுமா உனக்கு?"

"யாரோ உக்காந்திருக்கான்னு தெரியும். யாருன்னு தெரியாது."

"ஏம்மா, ஒருதடவைகூடக் கேக்கலையே?"

"கேட்டா நீ அதையும் சுரண்டியிருப்பே."

இப்போது என்னிடம் கருவிகள் இருக்கின்றன, கரைப்பான் இருக்கிறது, மேலே அப்பிய பச்சையை மெல்ல மெல்ல எடுத்து அவனை வெளியே கொண்டுவந்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் செய்ய வேண்டாம் என்று அம்மா படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். என் துணைவன் அவள் தோளுக்கு மேலாக எட்டி, புதரின் மேல் ஒரு விரலை வைத்து, காதிலிருந்து தோள் வரை மெதுவாகத் தடவிக்கொண்டு போனான்.

"யாருடா இது?"

"கூடப் படிச்சவன்."

"காது இவ்ளோ பெருசாவா இருந்துச்சு?"

அம்மா சிரித்துவிட்டாள்.